பார்க்க மட்டும் வருகிறவர்கள்

மருதமுனையில் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். அடுத்த கேள்வி பெரும்பாலும் "அப்ப எங்கட பிரிண்டரையும் ஒருக்காப் பாப்பீங்களா?" என்றுதான் வரும். பார்த்தும் கொடுத்திருக்கிறேன். கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது, மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு விளங்கும் மொழியாக மாற்றுவது அதுதான், அதன் வயிற்றுக்குள் நடக்கும் ஒரு சின்ன வேலைக்கு நான் பொறுப்பு என்று கலியாண வீட்டுப் பந்தலில் நின்று யாருக்கு விளக்குவது? வெளிநாட்டுக் கம்பனி, வீட்டிலிருந்தே வேலை. சம்பளம் வருகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாக விளங்கும்.

என் புருசனுக்கும் பலமுறை தொலைபேசியில் விளக்கியிருக்கிறேன். அவர் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். "நீ சொல்லு, நான் கேட்டுட்டிரிக்கன்" என்பார். விளங்கிற்றா என்று கேட்டால் "உன்ட குரல் விளங்குது" என்பார். கோபம் வந்தாலும் சிரித்துவிடுவேன்.

அவர் போகும்போது எங்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். அவளுக்கு வாப்பா என்றால் உள்ளங்கை அளவு முகம், அடிக்கடி உறைந்துபோகும் முகம். நான் எழுதிய பகுதி கம்பைலரின் அடுத்த வெளியீட்டில் சேர்ந்துவிட்டால் என் ஒப்பந்தம் நீளும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் நாங்கள் முடிவெடுத்தோம், அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது என்று. அங்கே புது ஒப்பந்தத்துக்கு இனிக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று கம்பனியில் சொல்லிவிட்டார். டிக்கட்டும் எடுத்தாகிவிட்டது. மகள் அலுமாரிக்கடியில் கிடந்த அவருடைய பழைய ரப்பர் செருப்பைத் தேடியெடுத்து, கழுவி, வாசல் படியில் வைத்தாள். "வாப்பா வந்தா திரும்ப போனுக்குள்ள போகமாட்டார்தானே?" என்று ஒரு நாள் கேட்டாள். போகமாட்டார் என்று சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன்.

அப்புறம்தான் அந்தப் பிழை வந்தது.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பைலர் நிரலை வாங்கியவுடன் நேரே இயந்திர மொழிக்குப் போய்விடாது. நடுவில் தனக்கு வசதியான ஒரு வடிவத்தில் அதை எழுதிக்கொள்ளும். அந்த இடைநிலை வடிவத்தில் ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு தடவைதான் பிறக்கும். பிறந்த மதிப்பை எங்கெங்கே யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அதனோடு ஒரு பட்டியலும் இருக்கும். ஒரு மதிப்புக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பதானால், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் போய், இனி அவரைக் கேட்காதே, இவரைக் கேள் என்று சொல்லவேண்டும். பட்டியலில் ஒருவருமே இல்லையென்றால் அந்த மதிப்பு யாருக்கும் தேவையில்லை என்று பொருள், அழித்துவிடலாம். தேவையில்லாததை அழித்தால் நிரல் சிறுக்கும், வேகமாக ஓடும். பட்டியல்களை ஒழுங்காக வைத்திருப்பதும், ஆளில்லாததைப் பார்த்து அழிப்பதும் என் பொறுப்பு.

பட்டியலில் சேர்க்காத ஒரு கூட்டமும் உண்டு. நிரலில் பிழை தேடுகிறவர்களின் வசதிக்காக, இந்த இடத்தில் இந்த மதிப்பு என்னவாக இருந்தது என்று எட்டிப் பார்ப்பதற்கென்று சில குறிப்புகளை வைப்பார்கள். அவை எதையும் பயன்படுத்துவதில்லை, பார்ப்பதோடு சரி. பார்க்கிறவருக்காக ஒரு மதிப்பை அழிக்காமல் வைத்திருந்தால், ஆள் பார்த்தால் ஒரு நிரல், பார்க்காவிட்டால் வேறொரு நிரல் என்று ஆகிவிடும். எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம். ஆகவே அவற்றை நான் ஆளாகவே கணக்கெடுக்கவில்லை.

சோதனைக்குக் கொடுத்த இடத்தில் கம்பைலர் நடுவழியில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அல்ல. நேற்று எந்த நிரலில் விழுந்ததோ அதில் இன்று சுகமாக ஓடும், இன்னொன்றில் விழும். ஏற்கனவே அழித்துவிட்ட ஒரு மதிப்பைத் தேடி யாரோ போய்த் தட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் ஆள் இருக்கும்போதே நான் அழித்திருக்கிறேன். யார் அந்த ஆள்? என் மடிக்கணினியில் அது ஒரு தடவைகூட விழவில்லை. பட்டியல்கள் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை எழுதினேன். அது எல்லாப் பட்டியல்களையும் மேய்ந்துவிட்டு, எல்லாம் சரி என்று பச்சை நிறத்தில் சொன்னது. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி வந்தது.

குழுத் தலைவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். புதன்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் என் பகுதியை எடுத்துவிட்டு வெளியிடுவார்களாம், ஒப்பந்தத்தைப் பற்றி அதன் பிறகு ஆறுதலாகப் பேசலாமாம். அவர்கள் ஏசினால்கூடத் தாங்கலாம். மரியாதை கூடக் கூடத்தான் பயமும் கூடும்.

இதற்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு மாமா மௌத்தாகிவிட்டார். சொந்த மாமா இல்லை, அயல் வீட்டுக்காரர், பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த மனிதர். மாமி போன பிறகு தனியாகத்தான் இருந்தார். போன வாரம் சுகமில்லை என்று மூத்த மகள் சாய்ந்தமருதிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அங்கேதான் உயிர் பிரிந்தது. செய்தி வந்தவுடன் என் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ஓட்டோவில் போனேன். போகும் வழியெல்லாம் மனம் என்னவோ அழித்த மதிப்புகளையே எண்ணிக்கொண்டிருந்தது. மையித்து வீட்டுக்குப் போகும்போது இப்படியும் ஒரு மனமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அடக்கத்தை நாள் கடத்துவதில்லை. காலையில் உயிர் போனால் பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம், பகலில் போனால் இரவு இஷாவோடு அடக்கம். ஆகவே அறிவிப்பதுதான் முதல் வேலை. இன்ன பள்ளிவாசலுக்குச் சொல்லியாச்சா, ஒலிபெருக்கியில் போட்டாச்சா, இன்ன குடிக்காரருக்கு யார் சொல்வது என்று உள்ளே பெண்கள் கையில் போனோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். குடி என்பது எங்களில் தாய்வழியாக வரும் வம்சம். குடி குடியாகச் சொல்லிக்கொண்டு போனால் ஒருவரும் தப்பமாட்டார்கள் என்று நம்பிக்கை. இப்போது குடிக்கொரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது.

மாமாவின் மகள் அழுத முகத்தோடு என் கையைப் பிடித்தார். "நீதானே புள்ள பக்கத்து வீடு. மருதமுனைப் பக்கம் வாப்பாட ஆக்கள் ஆரும் விட்டுப்போச்சா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "இல்ல ராத்தா. எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றேன்.

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் மாமாவின் மகன் வாசலில் நின்று, வழமைப்படி, கூடியிருந்தவர்களிடம் சொன்னது உள்ளே எங்களுக்கும் கேட்டது. "எங்கட வாப்பாவோட ஆருக்கும் கொடுக்கல் வாங்கல் இரிந்தா எங்களோட வந்து கதையுங்க. அவர் மனம் நோக நடந்திரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்குங்க." ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் மதிலுக்குள் நின்று பார்த்தோம்.

திங்கட்கிழமை முழுக்க மேசையை விட்டு எழும்பவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்தேன். உம்மா சோறு வைத்துவிட்டுப் போனார், அது காய்ந்தது. மகள் வந்து மடியில் ஏறப் பார்த்தாள், தள்ளிவிட்டேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு புருசனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "எனக்கு ஏலா மச்சான். இது எனக்குப் புடிபடாது. எல்லாம் முடிஞ்சி. என்னால ஏலவே ஏலா." அதற்கு மேல் பேச முடியாமல் அழுகைதான் பதிவாகியிருக்கும். அழித்துவிடலாமா என்று நினைத்தேன், அதற்குள் அவர் கேட்டுவிட்டார். இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுக் கேற்றடியில் சைக்கிள் மணி அடித்தது.

முதலில் கவனிக்கவில்லை. திரும்ப அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். எனக்குத் தலைக்குள்ளே யாரோ அடிக்கிற மாதிரி இருந்தது. அறிவில்லாத மனுசன், வீடு பூட்டிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று வாய்விட்டே ஏசிவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தேன். பார்த்தவுடன் ஏச்சை நிறுத்தினேன்.

பாண்டிருப்பு ஐயா, பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர். மாமாவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே தோணியில் கடலுக்குப் போனவர்கள். தோணியைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஒரு தொழிலும் இல்லை, ஒரு கணக்கும் இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் ஐயா சைக்கிளில் வருவார். கேற்றடியில் நின்று மணி அடிப்பார், மாமா வந்து திறப்பார். மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருப்பார்கள். பெரிதாகக் கதைக்கவும் மாட்டார்கள். ரோட்டைப் பார்ப்பார்கள், ஆளை ஆள் பார்ப்பார்கள், பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஐயா எழும்பிப் போய்விடுவார். என் மேசைக்கு நேரே யன்னல். வாராவாரம் பார்த்திருக்கிறேன். மையித்து வீட்டில் ராத்தா கேட்டபோது அவர் என் நினைவின் ஓரத்தில்கூட வரவில்லை.

நான் வெளியே போவதற்குள் மகள் கேற்றடிக்குப் போய்விட்டாள். "அவர் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க மகள் போன?" என்று ஐயா அவளிடம் கேட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறைக்க வழியில்லை.

"ஐயா, மாமா மௌத்தாயிட்டார். ஞாயிற்றுக்கிழமை. சாய்ந்தமருதில அடக்கியாச்சு."

"ஆரு?" என்றார். கை இன்னும் மணியின் மேலேயே இருந்தது. "ஆரு புள்ள?"

நான் திரும்பவும் சொன்னேன். அவர் பூட்டைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார், இரண்டு கதிரையும் அங்கேயே கிடந்தன.

"செவ்வாய்க்கிழம வா, சுகமாகிருவன் எண்டு சொன்னவரே கூட்டாளி" என்றார். பிறகு மெதுவாக, "ஒருத்தரும் எனக்கிட்டச் சொல்லல்லயே புள்ள."

"எல்லாருக்கும் அறிவிச்சதான் ஐயா..." என்று தொடங்கினேன்.

"உங்கட ஆக்களுக்குச் சொல்லியிரிப்பாங்க. அது சரிதான். நான் என்ன தொழுறத்துக்கா வாற, மண் போடுறத்துக்கா வாற? ஒரு ஓரமா நிண்டு முகத்தப் பாத்திட்டு வந்திரிப்பன். நான் வந்தா ஒண்டும் நிக்காது. போறவர் போகத்தான் வேணும்." சைக்கிளின் கைபிடியைத் துடைப்பது போலத் தடவினார். "எண்டாலும் ஒரு வார்த்த சொல்லியிரிந்தா, இண்டைக்கு வந்து பூட்டின வீட்டுக்கு பெல் அடிச்சிரிக்கமாட்டன்தானே."

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பிளேன்டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதிலோரம் குந்தியிருந்து குடித்தார், பாதி மிஞ்சியது. மகள் பக்கத்தில் குந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே பாண்டிருப்புப் பக்கம் நடந்தார்.

நான் திரும்பி வந்து மேசையில் தலையை வைத்து அழுதேன். அவருக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது. வாராவாரம் கண்ணால் கண்ட மனிதரை எப்படி விட்டேன் என்று நினைத்து நினைத்து நெஞ்சு புழுங்கியது. கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களைத் தேடினோம், குடிக்காரரைத் தேடினோம், பார்க்க மட்டும் வருகிறவரை ஒருவரும் தேடவில்லை. அவர் வந்து நின்றால் அடக்கம் நிற்கப்போவதில்லை, அவரே சொல்லிவிட்டார். நிறுத்தத் தேவையில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். திரையில் அழிக்கும் பகுதி திறந்தபடி இருந்தது. பட்டியலில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லையென்றால் அழிக்கிறது. அவ்வளவுதான். எட்டிப் பார்க்கும் குறிப்புகளுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் அழிக்கிறது. அவற்றுக்காக அழிக்காமல் இருக்கக்கூடாது என்ற பாதி விதியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அழித்தால் அவற்றுக்கு அறிவிக்க வேண்டும் என்ற மற்றப் பாதியை விட்டுவிட்டேன். மதிப்பு போய்விட்டது தெரியாமல் அவை பழைய இடத்துக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் வேறு யாராவது குடிவந்திருந்தால் பிழையான பதிலோடு தப்பிவிடும், வெறுமையாகக் கிடந்தால் விழும். என் மடிக்கணினி பழையது, வேகம் போதாதென்று அந்தக் குறிப்புகளையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் நான் எப்போதும் ஓட்டுவேன். பிறகு எப்படி என்னிடம் விழும்? என் சோதனையும் நான் வைத்திருந்த பட்டியல்களைத்தான் மேய்ந்தது. பட்டியலில் இல்லாதவர்களை அது எங்கே காணும்?

குறிப்புகளைப் போட்டுவிட்டு ஓட்டினேன். விழுந்தது. இன்னொரு முறை ஓட்டினேன், விழுந்தது. ஒரு நிரல் விழுவதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். திருத்தம் சின்னது. அழிப்பதற்கு முன்னால் அந்த மதிப்பை எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு குறிப்பிடமும் போய், இது இனி இல்லை, இங்கே வராதே என்று சொல்ல வேண்டும். எழுதினேன், ஓட்டினேன், விழாமல் நின்றது. எல்லாச் சோதனையும் ஓட்டினேன், நின்றது. பகல் சோற்று நேரத்துக்கு முன்னால் அனுப்பிவிட்டு, முதலில் புருசனுக்குத்தான் எடுத்தேன்.

"மச்சான், புடிச்சிட்டன்! புடிச்சிட்டன் மச்சான்! வேல தப்பிட்டு!"

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"நான் காலையில கையெழுத்து வச்சிட்டன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எந்தக் கையெழுத்து என்று கேட்டேன்.

"நேத்து நீ அழுத அழுகையில எனக்கு நித்திரையே வரல்ல. இனி உன்ட வேலயும் இல்லாட்டி என்ன செய்ற? ஒபிஸ் திறந்த உடனே போய்க் கெஞ்சிக் கேட்டன். என்ட இடத்துக்கு வேற ஆள் எடுக்கிறத்துக்கு முன்ன வந்தது நல்லம் எண்டு சொல்லி உடனே எழுதிட்டானுகள். ரெண்டு வருசம். டிக்கட்டையும் கென்சல் பண்ணியாச்சு."

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே!" என்று கத்தினேன். "ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"உன்ட வேலயக் குழப்பப்படாது எண்டுதான்" என்றார். மாற்ற ஏலாதா என்று கேட்டேன். ஏலாது என்றார். கெஞ்சிப் பார்க்கலாமே என்றேன். கெஞ்சித்தானே கையெழுத்தே வைத்தேன் என்றார். யாரை ஏசுவது? என் அழுகையை நம்பிப் போய்க் கையெழுத்து வைத்தவரையா? ஒரு நாள் பிந்தி, இன்று காலையில் வந்து மணி அடித்தவரையா? நேற்றே யன்னலால் எட்டிப் பார்த்து அவரை நினைத்திருக்க வேண்டிய என்னையா?

"பிள்ளைக்கிட்ட இப்ப சொல்லாத" என்றார் கடைசியில். "சின்னப்பிள்ளதானே. நாள் போகப் போக மறந்திருவாள்."

போனை வைத்த பிறகு தலைவரின் பதில் வந்தது. நன்றி, அருமையான வேலை, ஒப்பந்தத்தை நீட்டுவதில் இனி ஒரு தடையும் இல்லை என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை வாசித்தேன். சந்தோசம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

வாசலுக்குப் போனேன். மகள் படியில் இருந்தாள். செருப்பில் விழுந்திருந்த மாவிலைச் சருகைத் தட்டிவிட்டு, இரண்டையும் சோடியாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மறந்துவிடுவாள் என்று அவர் சொன்னது காதில் நின்றது. மறக்கமாட்டாள். டிக்கட் போட்டிருந்த அந்த நாள் வரும்போது, குளித்து, உடுத்து, கேற்றடியில் போய் நிற்பாள். பூட்டின வீட்டுக்கு முன்னால் நின்றவரின் முகத்தைக் காலையில்தான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவள்.

பக்கத்தில் போய் இருந்தேன். "மகள், வாப்பா இந்த முறை வரல்ல. வாறத்துக்கு இன்னும் கனநாள் கிடக்கு."

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "உம்மம்மாக்குத் தெரியுமா?"

"இல்ல. இன்னம் ஒருத்தருக்கும் சொல்லல்ல. உனக்கிட்டத்தான் முதல்ல சொல்ற."

அவள் செருப்பு இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள்.